காதால் கேட்ட அல்ஜீப்ரா

பச்சையப்பனுக்கு அல்ஜீப்ரா விளங்க ஆரம்பித்தது கரும்பாலை அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தபோதுதான். கடலூரில் பெஞ்சுமேல் உட்கார்ந்து படித்த காலத்தில் அது விளங்கவே இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் மற்ற பாடங்களெல்லாம் தேறி, கணக்கில் மட்டும் இரண்டு தடவை கோட்டைவிட்டு, சொந்த ஊரான உறுவையாற்றுக்கே திரும்பி வந்து அப்பா சம்மந்தத்தோடு சேர்ந்து கரும்புக்குத் தண்ணீர் கட்ட ஆரம்பித்தவன் அவன்.

அப்படியே காலம் போயிருக்கும். ஆனால் பிரெஞ்சுக்காரன் கப்பலேறின பிறகு வில்லியனூரில் புதிதாக பிளாக் ஆபீஸ் என்று ஒன்று வந்தது. விதை, உரம், கிணறு என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்வதற்கு கிராம சேவக் எடுத்தார்கள். பச்சையப்பன் அங்கிருந்த ஆபீசர் பின்னாலேயே ஒரு வருஷம் சம்பளமில்லாமல் சுற்றினான். எந்த மண்ணில் எந்தக் கரும்பு நிற்கும் என்று அவன் சொன்னால் ஆபீசரே எழுதிக்கொள்வார். "எஸ்.எஸ்.எல்.சி. மட்டும் முடிச்சிடு, பச்சையப்பன். வர்ற பங்குனியில முடிச்சா ஒன்ன எடுத்துக்கிறேன். அதுக்கப்புறம் வயசு தாண்டிடும்" என்று அவர் சொல்லிவிட்டார். பங்குனிதான் கடைசி. அது போனால் அந்த வேலை போனது போனதுதான்.

அவனுக்கு ஐப்பசியில் கல்யாணமாகியிருந்தது. பெண்டாட்டி கனகாம்பாள் டவுனில் வளர்ந்தவள். அவளுடைய அப்பா புதுச்சேரி கோர்ட்டில் குமாஸ்தா. தாயில்லாத பெண் என்று அவர் படிக்கவைத்துக்கொண்டே போனார். அவள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பிரவே பரீட்சை முடித்து அதற்கு மேலேயும் ஒரு படி ஏறி நின்றபோது, பள்ளிக்கூடம் இனி எந்தப் பாஷையில் நடக்கும் என்று யாருக்கும் தெரியாத காலமாகிவிட்டது. சொந்தத்தில் மாப்பிள்ளை வந்ததும் முடித்துவிட்டார். நகைக்கும் பாத்திரத்துக்கும் அடியில் தன் கணக்குப் புத்தகங்களையும் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் கனகாம்பாள் உறுவையாற்றுக்கு வந்தாள். எண்களோடு இருக்கும்போது அவளுக்கு ஒரு நிம்மதி. சிலருக்குக் கோலம் போடும்போது இருக்குமே, அந்த மாதிரி.

கார்த்திகையில் ஒரு நாள் சாயங்காலம், மழை பெய்துகொண்டிருந்தபோது, பச்சையப்பன் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு நெற்றியைத் தேய்ப்பதைப் பார்த்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஒரு கணக்கு சொல்லிக்கொடுத்திருப்பாள். மாமியார் முத்துலட்சுமி உள்ளே வந்தாள். முறத்தை எடுத்துக்கொண்டு திரும்பிப் போகும்போது, சுவரைப் பார்த்துச் சொல்வதுபோல, "பொண்டாட்டிகிட்ட பாடம் கேக்கறான்னு ஊர்ல சொன்னா நல்லாத்தான் இருக்கும்" என்றாள். பச்சையப்பன் புத்தகத்தை மூடிவிட்டான். அதன் பிறகு அவளிடம் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் பகலில் நாலு பேருக்கு முன்னால் பேசிக்கொள்ளும் வழக்கமும் அந்த வீட்டில் கிடையாது. இரவில் பேசலாம் என்றால், தை பிறந்து ஆலை தொடங்கிவிட்டது. விடிவதற்கு முன்னால் கரும்புக் கொல்லிக்குப் போகிறவன், திரும்பி வந்து சாப்பிட்ட தட்டின் முன்னாலேயே தூங்கிவிழுவான்.

கனகாம்பாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். பச்சையப்பனின் தங்கை திரௌபதி வில்லியனூர்ப் பள்ளியில் காலை வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். கணக்கு என்றால் வயிற்றுவலி வருகிற பெண்.

"அத்த, திரௌபதிக்கு நான் கணக்கு சொல்லித் தரட்டுமா? சாப்பாடு எடுத்துக்கினு கொல்லிக்குப் போறப்ப, அங்கயே குந்தி சொல்லித் தர்றேன்" என்று கேட்டாள்.

நாத்தனாருக்குச் சொல்லிக்கொடுப்பதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? முத்துலட்சுமி தலையை ஆட்டினாள்.

ஆலை அவர்கள் கரும்புக் கொல்லியின் ஓரத்திலேயே இருந்தது. மாடுகள் சுற்றிச் சுற்றி வர, இரும்பு உருளைகள் கரும்பை நசுக்கும். சாறு வாய்க்கால் வழியாக ஓடிவந்து தொட்டியில் நிரம்பும். கீற்றுக் கொட்டகைக்குள் பெரிய கொப்பரை. அதற்குக் கீழே அடுப்பு. காய்ந்த கரும்புச் சக்கையைக் கவைக்கோலால் தள்ளிக்கொண்டே இருப்பது பச்சையப்பன் வேலை. கொப்பரையைப் பார்த்துக்கொள்வது உலகநாதன். ஊருக்கெல்லாம் வெல்லம் காய்ச்சும் ஆள் அவர்தான். சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்து அழுக்கு நுரையை வாரிவாரிப் போட்டபடி, ஊர் வம்பையும் வாரிக்கொண்டிருப்பார். கூப்பிடு தூரத்தில் சக்கை காயும் களம். அங்கிருந்த புங்கமர நிழலில் கனகாம்பாளும் திரௌபதியும் உட்கார்ந்துகொள்வார்கள். திரௌபதியின் மடியில் சிலேட்டு. கனகாம்பாள் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கொட்டகைக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்வாள்.

"ரெண்டு எக்ஸ் கூட்டல் மூணு, சமம் பதினொண்ணு. எக்ஸ் எவ்ளோ? மொதல்ல மூண இந்தப் பக்கத்துலேர்ந்து தூக்கு."

கொட்டகைக்குள் கவைக்கோல் ஒரு விநாடி நிற்கும். அப்புறம் மறுபடி சக்கையைத் தள்ளும். அந்த நிற்றலில் அவனுக்கு விளங்கிவிட்டது என்று கனகாம்பாளுக்குத் தெரியும்.

முதல் நாளே திரௌபதிக்கும் தெரிந்துவிட்டது. "அண்ணி, நான் செவுடி இல்ல. இம்மாம் சத்தம் யாருக்கு?" என்றாள். யாரிடமும் சொல்லாமலிருக்க அவள் கூலியும் கேட்டாள். கொதிக்கிற சாற்றில் கயிறு கட்டி இறக்கி வேகவைத்த வள்ளிக்கிழங்கு தினமும் அவளுக்கு ஒன்று வேண்டும். உலகநாதனிடம் சொல்லி அதைப் போட்டுவைப்பது பச்சையப்பன் பொறுப்பாயிற்று.

கரும்பலகையில் எழுத்துக்களைக் கண்டாலே பச்சையப்பனுக்குக் கண் இருட்டும். ஆனால் அவள் குரலில் வந்தபோது அந்த எக்ஸும் ஒய்யும் பக்கத்து ஊர் ஆட்கள் மாதிரி பழகிவிட்டன. சக்கையைத் தள்ளிக்கொண்டே மனசுக்குள் போட்டுப் பார்ப்பான். சில நேரம் அவன் விடை ஒன்றாகவும், அவள் சொல்லும் விடை வேறாகவும் வரும். தன் கூட்டலில்தான் பிசகு என்று நினைத்துக்கொள்வான். அவள் தவறாகச் சொல்வாள் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. வீட்டில் சீட்டியடித்துக்கொண்டு கை கழுவினான். அப்பாவிடம், "இந்தத் தடவ போட்டுடுவன் பா" என்று தானாகவே சொன்னான். அவன் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அன்றைக்குக் கனகாம்பாள் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

மாசி கடைசியில், பரீட்சைக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது, திரௌபதி சலித்துப்போய், "இதெல்லாம் போதும் அண்ணி. டவுன்ல நீங்க கடைசியா படிச்ச கணக்கு ஒண்ணு சொல்லுங்க, எப்பிடித்தான் இருக்குன்னு பாக்கலாம்" என்றாள்.

கனகாம்பாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கொட்டகைச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். சம்மந்தம் அங்கே கன்றுக்குட்டிகளுக்குப் பட்டி கட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நாப்பது மொழம் கயிறு இருக்குது. ஒரு பக்கம் செவுரு. மூணு பக்கம் கயிறு கட்டணும். எப்பிடிக் கட்டினா உள்ள எடம் ரொம்ப இருக்கும்? செவுத்துலேர்ந்து வெளிய வர்ற பக்கம் எக்ஸ். அது ரெண்டு. எதுத்தாப்புல இருக்கற பக்கம், நாப்பது கழித்தல் ரெண்டு எக்ஸ். அப்ப உள்ள இருக்கற எடம் எவ்ளோ? எக்ஸ் பெருக்கல்…" ஒரு மூச்சு விட்டாள். "நாப்பது கழித்தல் ரெண்டு எக்ஸ்."

அப்புறம் கொப்பரையைக் காட்டிச் சொன்னாள். பாகு பொங்கி ஏறுகிறது. உலகநாதன் ஒரு சொட்டு எண்ணெய் விட்டதும் இறங்குகிறது. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நடுவில் ஒரு கணம் நிற்கிறதே, அந்த இடத்தில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. எக்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் இடமும் அப்படித்தான் ஏறும், ஓரிடத்தில் நிற்கும், பிறகு இறங்கும். நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்தால் விடை கிடைத்துவிடும்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் கொட்டகைக்குள்ளிருந்து பச்சையப்பனின் குரல் வந்தது. அந்த இரண்டு மாதத்தில் பாடத்துக்கு நடுவில் அவன் வாய்விட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் தன்னை மறந்துவிட்டான்.

"அது எங்க நிக்கும்? நாப்பது எக்ஸ்ல ரெண்டு எக்ஸ் போனா முப்பத்தெட்டு எக்ஸ். எக்ஸ் பெருசாவ பெருசாவ ஏறிக்கினேதான போவும்?"

திரௌபதி சிலேட்டைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். "எக்ஸ இருவது மொழம் வுட்டா கயிறு தீந்துபூடும் அண்ணா. ரெண்டு கயிறும் ஒட்டிக்கினு நிக்கும். ஒன் பட்டியில கன்னுக்குட்டி எங்க நிக்கும்?"

உலகநாதனும் சிரித்தார். பச்சையப்பனும் அசட்டுச் சிரிப்பாகச் சிரித்தான். கனகாம்பாள் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாகத் திரௌபதியிடம், "அண்ணன ஒண்ணு கேளு. எக்ஸ் கூட்டல் நாலு, அத மூணால பெருக்கினா எவ்ளோ" என்றாள். திரௌபதி, கனகாம்பாள் வழக்கமாகச் சொல்வதுபோலவே உரக்கச் சொன்னாள்: "மூணு பெருக்கல், எக்ஸ் கூட்டல் நாலு. எவ்ளோண்ணா?"

"மூணு எக்ஸ் கூட்டல் நாலு. இதுகூடவா தெரியாது" என்றான் பச்சையப்பன்.

பன்னிரண்டு வர வேண்டிய இடத்தில் நாலு. எங்கே பிசகியது என்று கனகாம்பாளுக்கு விளங்கிவிட்டது. எண்களை ஒன்றாகச் சேர்த்து வளைத்துப் போடும் அந்த இரண்டு கோடுகளுக்கு அவள் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் பரான்தேஸ் என்பார்கள். தமிழில் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியாது. சிலேட்டில் திரௌபதி கண்ணால் பார்த்துக்கொள்கிறாளே என்று, அந்த இடம் வரும்போதெல்லாம் பேர் சொல்லாமல் ஒரு மூச்சு விட்டுத் தாண்டிப் போயிருக்கிறாள். அடுப்பு இரைகிற இரைச்சலில் அவள் மூச்சு அவனுக்கு எப்படிக் கேட்கும்? தையிலிருந்து அவள் சொன்ன கணக்கில் பாதி அவன் மனசில் கோணலாகப் போய் உட்கார்ந்திருக்கிறது.

பச்சையப்பன் அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்த அளவில் அவனுக்கும் எதுவோ புரிந்தது. கவைக்கோலைச் சாய்த்துவைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். அவன் தோள் தொங்கிப்போயிருந்தது. கடலூரிலிருந்து திரும்பி வந்தபோது அவன் எப்படி இருந்தான் என்று திரௌபதி ஒரு நாள் சொல்லியிருந்தாள். ஒரு மாதம் யாரிடமும் பேசாமல் வரப்பிலேயே படுத்துக்கிடந்தானாம்.

சாயங்காலம் முத்துலட்சுமி கருவாட்டைத் தட்டிக் கழுவிக்கொண்டிருந்தாள். மணப்பட்டிலிருந்து கூடைக்காரி கொண்டுவந்து போட்ட நெத்திலி. கனகாம்பாள் எதிரில் வந்து நின்றவள் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"அத்த, நான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன். திரௌபதிக்கு இல்ல. அவருக்கு."

அதைச் சொன்ன பிறகுதான் தன் குட்டு வெளிப்பட்டது என்று உறைத்தது. முத்துலட்சுமி கருவாட்டுத் தலையைக் கிள்ளிப் போட்டாள்.

"தெரியும். திரௌபதி மண்டையில ஏறாத கணக்க நீ இன்னாத்துக்கு அம்மாஞ் சத்தமா சொல்லப்போற? ஆலை தொடங்குன வாரமே தெரியும். எம்புள்ள சீட்டி அடிச்சிக்கினு வந்தான். எவ வாயால வந்தா இன்னான்னு சும்மா இருந்தன்."

"எழுதிக் காட்டாம முடியாது அத்த. கேட்டா வராது. கண்ணால பாக்கணும்."

"எத்தினி நாளு ஆவும்?"

"தெனம் கொஞ்ச நேரம் பக்கத்துல குந்தினா, பரீட்சைக்குள்ள ஆயிடும்."

முத்துலட்சுமி கருவாட்டை இன்னொரு தண்ணீரில் அலசினாள். அவளுக்கு என்னவெல்லாம் மனசில் ஓடியதோ. கடைசியில், "பகல்லயே குந்து. ஆலையிலயே. மறைஞ்சி செஞ்சாத்தான் ஊரு சிரிக்கும்" என்றாள். கொஞ்சம் கழித்து, "கண்ணத் தொடச்சிக்க. கருவாட்டுக் கையோட என்னால தொடைக்க முடியாது" என்றாள்.

மறுநாள் சாப்பாட்டுக் கூடையோடு மூன்று பெண்களும் கொல்லிக்குப் போனார்கள். வெயில் ஏறியிருந்தது. கரும்புத் தோகை காற்றில் சரசரத்தது. திரௌபதி வழக்கம்போலப் புங்கமரத்துக்குப் போனாள். கனகாம்பாள் நேராகக் கொட்டகைக்குள் நுழைந்து அடுப்பு வாயருகே போய், வாரிக் கொட்டியிருந்த சாம்பலைக் காலால் நிரவி, எதிரில் குந்தினாள். கொப்பரையைச் சுற்றியிருந்தவர்கள் கை நின்றது.

"ஏங்க, இங்க வந்து குந்துங்க" என்றாள்.

பச்சையப்பன் சுற்றிலும் பார்த்தான். நேற்றிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை. "அடுப்பு அணைஞ்சிடும்" என்றான், அவளைப் பார்க்காமல்.

உலகநாதனுக்கு இது போதுமே. "ஏன்டா பச்ச, பள்ளிக்கூடத்துக்குப் போறதா இருந்தா போடா. மணி அடிச்சிட்டாங்க. டீச்சரம்மா பெரம்பு எடுத்துக்கினு வந்துச்சான்னு மட்டும் பாத்துக்க" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

முத்துலட்சுமி கூடையை இறக்கிவைத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மகன் கையிலிருந்த கவைக்கோலை வாங்கினாள். ஒரு கவை சக்கையை அள்ளி அடுப்புக்குள் தள்ளினாள். தீ குப்பென்று எழும்பியது.

"ஒலகநாதா, நீ பாகப் பாரு. முறிஞ்சிடப்போவுது" என்றாள்.

உலகநாதன் கொப்பரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பச்சையப்பன் சாம்பலுக்கு முன்னால் குந்தினான். கனகாம்பாள் ஒரு கரும்புத் தோகைக் காம்பால் எழுதினாள். மூன்று. அதற்குப் பக்கத்தில் ஒரு வளைவு. உள்ளே எக்ஸ் கூட்டல் நாலு. மறுபடி ஒரு வளைவு.

"இத நான் சொல்லாம வுட்டுட்டேன். எம்மேலதான் தப்பு. ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அவன் அந்த வளைவுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு முகம் மெல்ல மாறியது. "பிராக்கெட்டு" என்றான். "இதுக்குப் பேரு பிராக்கெட்டு. இத்தினி நாளும் இது எங்க போச்சின்னு நெனச்சேன். எல்லாக் கணக்குலயும் இருக்குமே, நம்ம கணக்குல காணமேன்னு."

"எனக்குப் பேரு தெரியாது."

"என்னக் கேட்டிருக்கலாம் இல்ல."

"எப்பிடிக் கேக்கறது? நீங்க அடுப்பண்ட, நான் மரத்தண்ட."

அவன் சிரித்தான். நேற்றிலிருந்து காணாமல் போயிருந்த சிரிப்பு. அவளும் சிரித்துவிட்டு, காம்பால் மூன்றைத் தொட்டாள். "பாருங்க. வெளிய நிக்கற மூணு உள்ள வரணும்னா, உள்ள இருக்கற ரெண்டு பேரையும் பாக்கணும். எக்ஸ மட்டும் பெருக்கிட்டு நால அப்பிடியே வுட்டுட்டுப் போவக் கூடாது. ஒரு வூட்டுக்கு விருந்துக்கு வந்தவரு ஒருத்தர மட்டும் விசாரிச்சிட்டுப் போனா இன்னொருத்தருக்கு எப்பிடி இருக்கும்?"

"நாலுக்குக் கோவம் வரும்."

"வரும் இல்ல?"

கன்றுக்குட்டிப் பட்டியை எழுதினாள். இந்தத் தடவை எக்ஸ் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வந்தது. நாற்பது எக்ஸ், அதில் இரண்டு எக்ஸ் ஸ்கொயர் கழிந்தது. அவன் காம்பை அவளிடமிருந்து வாங்கி, ஐந்து போட்டுப் பார்த்தான், எட்டு போட்டுப் பார்த்தான், பத்து, பன்னிரண்டு. பத்தில் இடம் ஏறி நின்று, பன்னிரண்டில் இறங்கிவிட்டது. "நிக்குது" என்றான். "பத்துல நிக்குது. பத்து, இருவது, பத்து." எழுந்து கொட்டகைச் சுவரோரம் போய், பத்து முழம் கையால் அளந்து ஒரு குச்சி நட்டுவிட்டு வந்தான். முத்துலட்சுமி முகத்தில் கரி படிந்து வியர்வை வழிய அடுப்புக்குள் சக்கையைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அதிலிருந்து பரீட்சைவரை அப்படித்தான் நடந்தது. தினமும் உச்சிவேளையில் முத்துலட்சுமி அடுப்புக்கு வருவாள். இரண்டு நாளில் உலகநாதனுக்குச் சலித்துவிட்டது. மூன்றாம் நாள் அவரே எட்டிப் பார்த்து, எத்தனை குடம் சாற்றுக்கு எத்தனை அச்சு வெல்லம் என்பதையும் இப்படி எழுத முடியுமா என்று கேட்டார். கனகாம்பாள் எழுதிக் காட்டினாள். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இதைவிடக் காய்ச்சுவதே சுலபம் என்று போய்விட்டார்.

பங்குனியில் பச்சையப்பன் கடலூர் போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வந்தான். எப்படி எழுதினாய் என்று சம்மந்தம் கேட்டதற்கு, "பிராக்கெட்டு வேணாத எடத்துலயும் போட்டிருக்கன் பா" என்றான். சம்மந்தத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் மகன் கூழை இரண்டாம் தடவை வாங்கிக் குடித்ததைப் பார்த்து நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொண்டார்.

வைகாசி முடிவதற்குள் பேப்பரில் நம்பர் வந்துவிட்டது. தேறியிருந்தான். வில்லியனூருக்கு ஓடிப்போய்ப் பேப்பர் வாங்கிவந்த திரௌபதி அதைத் தானே தேறினதுபோலத் தெருவெல்லாம் காட்டினாள். அடுத்த வாரம் பிளாக் ஆபீசில் கூப்பிட்டார்கள். பச்சையப்பன் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு போய், மத்தியானம் திரும்பி வந்தான். சம்மந்தம், முத்துலட்சுமி, திரௌபதி எல்லோரும் கூடத்தில் சூழ்ந்துகொண்டார்கள். கனகாம்பாள் சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

வேலை கிடைத்துவிட்டது. பாகூர்ப் பக்கம் போட்டிருக்கிறார்கள். வேறென்ன கேட்டார்கள் என்றார் சம்மந்தம்.

"மார்க்குப் பாத்தாங்க. ரெண்டு வாட்டி கணக்குல போனவன் இப்ப எப்பிடி இவ்ளோ வாங்கினன்னு கேட்டாங்க. எந்த டூட்டோரியல்ல படிச்சன்னாங்க. வூட்லதான் படிச்சேன்னேன். வூட்ல யாரு சொல்லிக் குடுத்தான்னாங்க."

அவன் நிறுத்தினான்.

"நீ இன்னா சொன்ன?" என்று முத்துலட்சுமி கேட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவன் பெண்டாட்டியை "இந்தா" என்றுதான் கூப்பிட்டிருந்தான். தனியாக இருக்கும்போதும் அதுதான். ஊரில் எந்த ஆம்பிளையும் பெண்டாட்டி பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பச்சையப்பன் நிலைப்படிப் பக்கம் திரும்பாமல், அம்மாவைப் பார்த்தபடியே சொன்னான்.

"கனகாம்பாள்னு சொன்னேன்."

நிலைப்படியில் நின்றவள் உள்ளே போகவில்லை. தன் பேரை அவன் குரலில் கேட்டது அதுதான் முதல் தடவை. முத்துலட்சுமி நிலைப்படியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு, "நல்லா சத்தமா சொன்னியா? ஆபீசருக்குக் கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சிம்மா. எழுதிக்கினாரு."